மழைக்கு முன்னால்

தாடிம்கேத்
2 ஏப்ரல் 1982

தாஜ்யூவுக்கு, காலைத் தொட்டு வணங்கி ஹன்ஸா எழுதுவது.

பிட்டௌலிச் சீர் வந்து சேர்ந்தது. உங்கள் ஜீப் டிரைவர், சாலை முடிகிற இடத்திலிருந்து தலையில் சுமந்துகொண்டு மேலேறி வந்து வாசலில் இறக்கினார். புடவை நன்றாக இருக்கிறது. அல்மோடா பால் மிட்டாய் இரண்டு பெட்டியில் ஒன்றை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டேன். சைத்ர மாதத்தில் கட்டிக்கொடுத்த தங்கைக்கு அண்ணன் கையால் வரவேண்டியது டிரைவர் கையால் வந்தால் பக்கத்து வீட்டு தேபுலி சும்மா இருப்பாளா? "என்ன மாஸ்டர்னி, உன் அண்ணன் மீசையை எடுத்ததும் ஆளே மாறிட்டாரே! பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு!" என்று அந்த மனிதர் முகத்துக்கு நேராகவே சொன்னாள். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே போனபிறகு சிரிப்பு நிற்கவில்லை, ஆனால் அது சிரிப்பாகவும் இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷம். நீங்கள் கால் முறிந்து கட்டோடு குதிரையில் ஏறி வந்த வருஷம்கூட உண்டு. இந்த வருஷம்தான் நீங்கள் வரவில்லை.

இருக்கட்டும். சட்டசபை நடக்கிறது, உங்களுக்கு வேலை இருக்கும்.

இன்னொரு விஷயம். ஊருக்கு மேலே, எங்கள் பஞ்சாயத்துக் காட்டின் அடிவாரத்தில், மாக்கல் தோண்டுகிறார்கள். ஹல்த்வானியைச் சேர்ந்த பன்வாரிலால் என்கிற கான்டிராக்டரின் ஆட்கள். முகப் பவுடர் செய்கிற கம்பெனிகளுக்குப் போகிறதாம். இருபது நாளில் நாற்பது பாஞ்சு மரங்களை வேரோடு சாய்த்துவிட்டார்கள். ஊற்றில் தண்ணீர் பால் மாதிரி வெளுத்து வருகிறது. எருமைக் கன்று மூக்கை வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. "பட்டணத்துப் பொம்பளைங்க மூஞ்சியில பூசிக்கறதுக்கு, நாம நம்ம மலையைக் கரைச்சுக் குடிக்கணுமா?" என்று கேட்கிறாள் தேபுலி.

கான்டிராக்டரின் கணக்கெழுதுகிற முன்ஷி என்ன சொல்கிறான் தெரியுமா? எம்.எல்.ஏ. ஹயாத் சிங் சிபாரிசுக் கடிதம் கொடுத்திருக்கிறாராம். எல்லோரும் கேட்கும்படி சொன்னேன், "எங்க தாஜ்யூ அப்படி எழுதற ஆள் இல்ல. அது பொய்க் கையெழுத்து" என்று. ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அதை அவன் முகத்தில் காட்ட வேண்டும்.

ஹன்ஸா


எம்.எல்.ஏ. விடுதி, லக்னோ
17 ஏப்ரல் 1982

அன்புள்ள ஹன்ஸாவுக்கு ஆசிகள்.

மீசை விஷயத்தை என் மனைவிக்குப் படித்துக்காட்டினேன், உன் பௌஜி இரண்டு நாள் சிரித்தாள். அந்த தேபுலியை இங்கே சட்டசபைக்கு அனுப்பினால் எதிர்க்கட்சிக்காரர்கள் வாயே திறக்க மாட்டார்கள். வர முடியாததற்கு மன்னித்துவிடு. இங்கே மூச்சுவிட நேரமில்லை.

நீ கேட்டால் சந்தோஷப்படுவாய். ஆஸ்பத்திரிக்கு வழி பிறந்துவிட்டது! இருபது கட்டில், ஒரு டாக்டர், பிரசவத்துக்குத் தனி அறை. நம் மல்லாகோட்டுக்கும் உங்கள் தாடிம்கேத்துக்கும் நடுவில், ஆற்றங்கரையில். பதினெட்டு வருஷமாக நான் தட்டாத கதவு இல்லை. அரசாங்கம் பணமில்லை என்று கையை விரித்துக்கொண்டே இருந்தது. இப்போது கட்டித்தர ஒருவர் முன்வந்திருக்கிறார். நம்மைப் பெற்ற இஜாவை டோலியில் வைத்து நாம் அல்மோடாவுக்குத் தூக்கிக்கொண்டு போனது உனக்கு நினைவிருக்கும். பாதி வழியில் டோலியைக் கீழே இறக்கினோமே, அந்த இடத்தை ஜீப்பில் கடக்கும்போதெல்லாம் நான் மறுபக்கம் பார்த்துக்கொள்கிறேன். இனி நம் பள்ளத்தாக்கில் எந்தப் பெண்ணும் டோலியில் சாக வேண்டாம்.

தோண்டுகிற வேலையைப் பற்றி அதிகம் கவலைப்படாதே. அறுபது பேருக்குக் கூலி கிடைக்கிறது. லாரிப் பாதை உன் பள்ளிக்கூடத்து வாசல்வரை வரும். பெண்களைக் கொஞ்சம் பொறுமையாக இருக்கச் சொல். ஊற்றைச் சுத்தம் செய்யச் சொல்லி ஆள் அனுப்புகிறேன்.

இன்னொன்று, இது சொந்த விஷயம். லக்னோவில் இருக்கும் நம் மலைக்காரர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள். 'குமாவூனின் பெருமக்கள்' என்று பெயர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை போனவர்கள், பத்திரிகை நடத்தியவர்கள், பாடகர்கள், சிகரம் ஏறியவர்கள் எல்லோரும் இருப்பார்கள். என்னையும் சேர்த்திருக்கிறார்கள். ஒரு பக்கம், போட்டோவோடு. யாரிடம் எழுதச் சொல்வது என்று கேட்டார்கள். என் தங்கை எழுதுவாள் என்று சொல்லிவிட்டேன். பெண்கள் பள்ளிக்கூடத்துக்காக நான் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்ததை உன்னைவிட யார் நன்றாக எழுத முடியும்? ஆகஸ்டுக்குள் வேண்டும்.

ஹயாத் சிங்


தாடிம்கேத்
9 மே 1982

தாஜ்யூவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கையெழுத்துப் பொய் என்கிற அந்த ஒரு வரி அதில் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை கோவேறு கழுதைகள் கல் மூட்டைகளோடு இறங்குகிற பாதையில் நாங்கள் இருபத்தேழு பெண்கள் உட்கார்ந்தோம். அரிவாளையும் புல் கட்டுகிற கயிற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கம்பளி பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கழுதைகளை ஓட்டிக்கொண்டு முதலில் வந்தது யார் தெரியுமா? தேபுலியின் புருஷன் உமேத் சிங். அவன் அங்கேதான் கூலிக்குப் போகிறான்.

"எழுந்திரு தேபுலி. ஊர் பார்க்குது" என்றான்.

"பார்க்கட்டும். கழுதையை இங்கயே நிறுத்து. அதுக்குக்கூட உன்னைவிடப் புத்தி இருக்கு, பாரு, தானா நின்னுடுச்சு."

"கூலி வேணாமா உனக்கு? குழந்தைங்களுக்கு என்ன போடுவே?"

"தண்ணியே வெள்ளையா வருதே, பால்னு சொல்லி ஊத்தறேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். உமேத் சிங்கும் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் கழுதையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டான். அப்புறம் முன்ஷி வந்தான். என்னைப் பார்த்து, "மாஸ்டர்னிஜி, பொய்க் கையெழுத்துன்னு சொன்னீங்களாமே? இந்தாங்க, நீங்களே பாருங்க" என்று காகிதத்தை நீட்டினான். எல்லோருடைய கண்ணும் என் மேல்தான்.

எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவரே நீங்கள்தான். உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியாதா? தேபுலி கேட்டாள், "என்ன, அவருதா?" என்று. நான் தலையை அசைத்தேன். அவள் கொஞ்சம் நகர்ந்து தன் பக்கத்தில் எனக்கு இடம்விட்டாள். நான் மறுபடி உட்கார்ந்தேன்.

மலருக்கு எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு தடவை நீங்கள் இங்கே வாருங்கள். எங்கள் ஊற்றில் ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு குடியுங்கள். குடித்துவிட்டு, கவலைப்படாதே என்று அந்தப் பெண்களிடம் சொல்லுங்கள்.

ஹன்ஸா


லக்னோ
24 மே 1982

ஹன்ஸா,

நீ செய்திருப்பது என்னவென்று உனக்குத் தெரியுமா? போன வெள்ளிக்கிழமை சட்டசபையில் எதிர்க்கட்சி ஆள் ஒருவன் எழுந்து, "உறுப்பினரின் சொந்தத் தங்கையே அவருக்கு எதிராகச் சாலையில் உட்கார்ந்திருக்கிறாராமே, வீட்டையே சமாளிக்காதவர் தொகுதியை எப்படிச் சமாளிப்பார்?" என்றான். மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

ஆமாம், கையெழுத்து என்னுடையதுதான். ஆஸ்பத்திரியைக் கட்டித்தருவது பன்வாரிலால்தான். அவனுக்கு நான் ஒரு கடிதம் கொடுத்தேன், அவன் பள்ளத்தாக்குக்கு ஒரு ஆஸ்பத்திரி கொடுக்கிறான். அரசியலில் எதுவும் சும்மா வராது. நீ பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு சுத்தமாக இருக்கலாம். அந்தப் பள்ளிக்கூடம் வருவதற்கே நான் யார் யார் வீட்டு வாசலில் நின்றேன் என்று உனக்கு நான் சொன்னதில்லை.

சரி, சண்டை வேண்டாம். உனக்கு அல்மோடா நகரத்துப் பெண்கள் பள்ளிக்கு மாற்றல் ஏற்பாடு செய்துவிட்டேன். குடியிருப்பும் உண்டு, இரண்டு அறை, குழாய்த் தண்ணீர். மாப்பிள்ளை லடாக்கிலிருந்து விடுப்பில் வரும்போது அவருக்கும் வசதி. ஆணை இந்த வாரம் வந்துவிடும். மாமியாரையும் அழைத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு மழைக்கு முன்னால் வந்துவிடு. இதில் பிடிவாதம் பிடிக்காதே. மழைக்கு முன்னால், புரிகிறதா?

ஹயாத் சிங்


தாடிம்கேத்
6 ஜூன் 1982

தாஜ்யூ,

மாற்றல் ஆணை வந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

நான் பிள்ளைகளுக்கு வாக்கியத்தைப் பிரித்துப் பொருள் சொல்லிக் கொடுக்கிறவள். உங்கள் கடிதத்தில் 'மழைக்கு முன்னால்' என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது தடவை எழுதும்போது பேனாவை அழுத்தியிருக்கிறீர்கள், பின்பக்கம் தடவினால் தெரிகிறது. பள்ளிக்கூட வருஷம் ஜூலையில் தொடங்குகிறது. ஜூலைக்கு முன்னால் என்று எழுதியிருந்தால் நான் ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன். மாமியாரை ஏன் அழைத்துக்கொண்டு வரவேண்டும்? வீட்டை ஏன் பூட்ட வேண்டும்?

பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு விரிசல் வந்திருக்கிறது. போன வாரம் விரல் நுழைந்தது. இன்று ரூல்தடி நுழைகிறது.

இந்த ஊரில் நாற்பத்தொரு வீடு. மற்ற நாற்பது வீட்டுக்கும் மாற்றல் ஆணை எப்போது வரும்?

பதில் எழுதுங்கள்.

ஹன்ஸா


லக்னோ
19 ஜூலை 1982

ஹன்ஸா,

ஆறு வாரமாக உனக்குப் பதில் எழுதி எழுதிக் கிழிக்கிறேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

பிப்ரவரியில் அந்த மலையைப் பார்த்துவிட்டு ஒரு நிலவியல் அதிகாரி குறிப்பு எழுதியிருந்தான். சின்னப் பையன், சமவெளிக்காரன், நம் பாதைகளில் நடந்து நடந்து காலெல்லாம் கொப்புளம். மூன்று பக்கக் குறிப்பு. இரண்டாவது பக்கத்தில் இருந்தது: பள்ளிக்கூடத்துக்கு மேலே இருப்பது பழைய சரிவு, பாஞ்சு வேர்கள்தான் பிடித்துவைத்திருக்கின்றன, அடியில் தோண்டினால் பலத்த மழையில் மொத்தமாக இறங்கலாம். பன்வாரிலால் அந்தக் கோப்பை என் அறைக்கே கொண்டுவந்தான். "இது ஒரு பையனோட பயம், தலைவரே. இதுக்காக ஆஸ்பத்திரியை விட்டுடுவீங்களா?" என்றான். நான் இரண்டாவது பக்கத்தைப் படித்தேன். படித்துவிட்டு, மேலே வேறு காகிதங்களை வைத்து மூடினேன். சிபாரிசில் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

பத்து வருஷம் ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குள் ஆஸ்பத்திரி வந்துவிடும், அப்புறம் தோண்டுவதை நிறுத்திவிடலாம் என்று. சைத்ரத்தில் நான் ஏன் வரவில்லை என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். உன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து நிமிர்ந்தால் அந்தச் சரிவுதானே தெரியும்.

இந்த வருஷ மழை ரொம்பப் பலம் என்று வானொலியில் சொல்கிறார்கள். எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்து மல்லாகோட்டுக்குப் போய்விடு. நம் வீட்டைத் திற. களஞ்சியத்தில் மண்டுவாவும் அரிசியும் இருக்கின்றன. சாவி சிவன் கோவில் பூசாரியிடம் இருக்கிறது.

சீக்கிரம்.

ஹயாத்


மல்லாகோட், நம் வீடு
10 ஆகஸ்ட் 1982

தாஜ்யூவுக்கு,

உங்கள் கடிதம் இருபத்தெட்டாம் தேதி வந்தது. முதலில் தேபுலிக்கு மட்டும் முழுவதும் படித்துக்காட்டினேன். ஒரு மாட்டுத்தொழுவத்தில், எருமைக்குப் பின்னால் நின்றுகொண்டு. கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "உன் அண்ணன் செஞ்சது பாவம்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா இப்படி ஒரு லெட்டரை எழுதறதுக்கும் ஒரு நெஞ்சு வேணும். சரி சரி, நிக்காதே. எருமையை எங்க கட்டறது?"

மற்றவர்களிடம் மலை இறங்கப்போகிறது என்று மட்டும் சொன்னேன். என் பேச்சைக் கேட்டுப் பாதிப் பேர், தேபுலியின் வசவுக்குப் பயந்து மீதிப் பேர். மூன்று நாளில் நாற்பது வீடு காலியாயிற்று. மாமியாரை முதுகில் கட்டிக்கொண்டு நான் பாலத்தைக் கடந்தேன். உமேத் சிங் மட்டும் வர மறுத்தான். "மழை பெய்யாத வருஷம் உண்டா? உங்க பேச்சைக் கேட்டு ஓடினா நாளைக்கு முன்ஷி எனக்கு வேலை தருவானா?" என்றான். தேபுலி குழந்தைகளை இங்கே விட்டுவிட்டு, தினமும் காலையில் போய் அவனுக்கு ரொட்டி கொடுத்துவிட்டு, திட்டிவிட்டு வருவாள்.

மூன்றாம் தேதி, நான்கு நாள் விடாத மழைக்குப் பிறகு, காலை பத்து மணிக்கு லேசாக வெளுத்தது. அவள் ரொட்டி எடுத்துக்கொண்டு போனாள். "இன்னைக்கு அவரைக் கழுதை மாதிரி இழுத்துட்டு வரேன் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் இந்த முற்றத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம் எதுவும் முதலில் இல்லை. எதிர்மலையில் பாஞ்சு மரங்கள் நின்றபடியே நடந்தன. நான் பார்த்தேன், தாஜ்யூ. நின்றபடியே, கூட்டமாக, கீழே நடந்து வந்தன. அப்புறம்தான் சத்தம். பள்ளிக்கூடம் இல்லை. இருபத்திரண்டு வீடு இல்லை.

உமேத் சிங் வீட்டில் இல்லவே இல்லை. பீடி வாங்க ஆற்றங்கரைக் கடைக்கு வேறு பாதையில் போயிருந்தான். அவனைத் தேடித்தான் அவள் தொழுவம், களம் என்று சுற்றியிருக்கிறாள். இரண்டாம் நாள் கிடைத்தாள். ரொட்டித் துணி இடுப்பிலேயே இருந்தது.

நேற்று விசாரிக்க எஸ்.டி.எம். வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். "நாற்பது வீட்டுக்காரங்களும் முன்னாடியே கிளம்பிட்டீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும், மாஸ்டர்னிஜி?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துச் சொல்ல என்ன இருக்கிறது என்று அவர் முகத்தில் தெரிந்தது.

கடிதம் என்னிடம் இருக்கிறது. அதில் இருப்பது இங்கே தெரிந்தவர்கள் இரண்டே பேர். இப்போது நான் மட்டும்.

ஹன்ஸா


லக்னோ
18 ஆகஸ்ட் 1982

ஹன்ஸா,

தேபுலியின் முகம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. குரல் மட்டும் வருகிறது. மூன்று நாளாக நான் சாப்பிடவில்லை என்று எழுதினால் அதனால் யாருக்கு என்ன?

நான் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகக் கேள். அந்தக் கடிதத்தை எரித்துவிடு.

எனக்காக இல்லை என்று சொல்ல மாட்டேன், எனக்காகவும்தான். ஆனால் யோசித்துப் பார். இருபத்திரண்டு குடும்பத்துக்கு வேறு நிலம் வேண்டும். மலைக்குக் கீழே, தராய்ச் சமவெளிப் பக்கம் நிலம் ஒதுக்கச் சொல்லி மந்திரியிடம் போயிருக்கிறேன், அவர் தலையாட்டியிருக்கிறார். நான் விழுந்துவிட்டால் அந்தக் கோப்பை யார் தள்ளுவார்கள்? புதுப் பள்ளிக்கூடம் யார் கொண்டுவருவார்கள்? நம் பள்ளத்தாக்குக்காகப் பேச லக்னோவில் வேறு யார் இருக்கிறார்கள்? நான் ஜெயிலுக்குப் போனால் தேபுலி திரும்பி வருவாளா?

பாதை சரிந்த இடத்தில் தண்ணீர் கசிவதைப் பார்த்தோம், பயந்து கிளம்பினோம் என்று எஸ்.டி.எம்.மிடம் சொல். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். உன் வார்த்தைக்கு அங்கே மதிப்பு உண்டு.

உன் பௌஜி இதை எழுத வேண்டாம் என்றாள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஹ.


மல்லாகோட்
30 ஆகஸ்ட் 1982

தாஜ்யூவுக்கு,

நீங்கள் சொல்வதெல்லாம் சரியாகவே இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது. இரண்டாவது பக்கத்தை மூடியபோதும் எல்லாம் இப்படித்தான் சரியாக இருந்திருக்கும்.

அடுப்பு மூட்டும்போது ஒரு நாள் கடிதத்தைக் கையில் எடுத்தேன். பொய் சொல்லவில்லை. வீடு முழுக்க உங்கள் பொருள்கள். நீங்கள் முதல் தேர்தலில் போட்ட கோட்டைத்தான் உமேத் சிங்கின் மகன் குளிருக்குப் போர்த்திக்கொண்டிருக்கிறான். சுவரில் உங்கள் போட்டோ. அதற்குக் கீழேதான் வீடு போன இருபத்திரண்டு குடும்பமும் படுக்கிறது. எழுந்ததும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்.

நான்கு நாளுக்கு முன் முன்ஷி வந்தான். கான்டிராக்டர் இரக்கப்பட்டு நிவாரணம் தருகிறாராம். இது கடவுள் செயல், யார் மேலும் குறை இல்லை என்று எழுதிய காகிதத்தில் பெருவிரல் வைத்தால் போதுமாம். பன்னிரண்டு பேர் வைத்துவிட்டார்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வேன்? சாயங்காலம் உமேத் சிங் வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தான். இத்தனை நாளாக யாரிடமும் பேசாமல், கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் அந்த மண்ணைக் கிளறிவிட்டு வருகிறவன்.

"மாஸ்டர்னி, எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு அவ சொல்லுவா. மலை தானா விழுந்துச்சா? தானா விழுந்துச்சுன்னு நீங்க சொன்னா நான் வெரல் வெச்சுடறேன்."

"விசாரணை முடியட்டும், அதுவரைக்கும் வைக்காதே" என்றேன். அவன் என் முகத்தையே பார்த்தான். அப்புறம், "அப்ப தானா விழல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

செப்டம்பர் இருபதாம் தேதி பாகேஸ்வரில் விசாரணை.

மலருக்கு நீங்கள் கேட்டதை எழுதிவிட்டேன். இதோ:

"ஹயாத் சிங். மல்லாகோட்டில் பிறந்தவர். 1954-ல், தம் இருபத்திரண்டாம் வயதில், சரயுப் பள்ளத்தாக்கில் பெண்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று அல்மோடாவுக்கு நடந்து சென்று, கலெக்டர் அலுவலக வாசலில் பதினொரு நாள் உட்கார்ந்தார். பெண்பிள்ளைகளைக் கெடுக்கிறான் என்று சொந்த ஊரே அவரை விலக்கிவைத்தது. பள்ளிக்கூடத்தின் கூரைக்குச் சிலேட்டுக் கற்களைத் தாமே சுமந்தார். முதல் வகுப்பில் ஏழு பெண்கள் சேர்ந்தார்கள். இதை எழுதுகிறவள் அவர்களில் ஒருத்தி. மூன்று முறை சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சாலையும் தபால் நிலையமும் அவரால் வந்தன. 1982 பிப்ரவரியில், அந்தப் பள்ளிக்கூடத்தின் மேலிருந்த மலையைத் தோண்ட, ஆபத்து என்று தெரிந்தே, சிபாரிசு செய்தார். ஜூலையில், தமக்கு வரக்கூடிய கேட்டைப் பொருட்படுத்தாமல், ஊரை எச்சரித்தார். ஆகஸ்ட் 3 அன்று மலை சரிந்து தேபுலி தேவி இறந்தார். செப்டம்பர் 20 அன்று பாகேஸ்வர் விசாரணையில் அவர்"

அதற்குமேல் எழுதவில்லை. அந்த வாக்கியத்தை நீங்கள் முடித்தால் உங்கள் கையால் முடியும். இல்லையென்றால் நான் முடிப்பேன்.

ஹன்ஸா


அல்மோடா
14 அக்டோபர் 1982

ஹன்ஸா,

நீ கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாய். புடவைத் தலைப்புக்குள் கையை வைத்திருந்தாய். அந்தக் கைக்குள் என்ன இருந்தது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். உன்னை எழுந்திருக்க விடக் கூடாது என்பது ஒன்றுதான் அப்போது என் மனதில் இருந்தது. நியாயம், தர்மம் எதுவும் இல்லை. பதினோரு வயதில் உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனபோது பாதையில் கல் வீசினார்கள். நான் முன்னால் நடந்தேன். அந்த மாதிரிதான் எழுந்து நின்றேன்.

அதிகாரி, "நீங்கள் சாட்சிப் பட்டியலில் இல்லையே?" என்றார். சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். மூன்று பக்கக் குறிப்பின் நகலைக் கொடுத்தேன். சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். முன்ஷி அங்கேயே கத்தினான், கேட்டிருப்பாய். வெளியே வந்தபோது உன்னைத் தேடினேன். நீ போய்விட்டிருந்தாய். அதுவும் சரிதான்.

நடந்ததை எழுதுகிறேன். கட்சியிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். விடுதி அறையைக் காலி செய்துவிட்டு இங்கே ஒரு அறை எடுத்திருக்கிறோம். என் மேல் வழக்கு வரும் என்று வக்கீல் சொல்கிறார். தோண்டுவதற்குத் தடை போட்டுவிட்டார்கள். ஆனால் பன்வாரிலால் அடுத்த பள்ளத்தாக்கில் இன்னொரு மலையைப் பார்த்துவிட்டு வந்தானாம். தராய் நிலக் கோப்பு நான் பயந்த மாதிரியே மந்திரி மேஜையில் கிடக்கிறது. ஆஸ்பத்திரி இனி வராது. அதைச் சொல்லாமல் விட்டால் உன்னிடமும் ஒரு பக்கத்தை மூடியதாக ஆகும்.

மலர் குழுவினர் உன் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இடமில்லையாம். அவர்களுக்கு அனுப்பும்போது அந்தக் கடைசி வாக்கியத்தை நான் முடித்தேன். "உண்மையைச் சொன்னார், தாமதமாக" என்று எழுதினேன். அதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை.

மல்லாகோட் வீடு அவர்கள் இருக்கும்வரை அவர்களுடையது. நான் அங்கே தங்க வரவில்லை. ஒரு நாள் வந்து அந்த ஜனங்களுக்கு எதிரே நிற்க வேண்டும். முக்கியமாக உமேத் சிங்குக்கு எதிரே. அவர்கள் என்ன சொன்னாலும், என்ன செய்தாலும் சரி. வரலாமா? நீ கேட்டுச் சொல்.

ஹயாத்


மல்லாகோட்
1 நவம்பர் 1982

தாஜ்யூவுக்கு, காலைத் தொட்டு வணங்கி ஹன்ஸா எழுதுவது.

உங்கள் கடிதத்தை இந்தத் தடவை முற்றத்தில் எல்லோருக்கும் படித்துக்காட்டினேன், ஒரு வரி விடாமல். ஆஸ்பத்திரி வராது என்ற இடத்தில் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். சிலர் உங்களைத் திட்டினார்கள். தராய் நிலம் போனது என் பிடிவாதத்தால்தான் என்று இரண்டு பேர் என்னிடமும் பேசுவதில்லை. பிள்ளைகளுக்கு உங்கள் மாட்டுக்கொட்டகையில் வகுப்பு எடுக்கிறேன். முப்பத்தொரு பேர் வருகிறார்கள், கரும்பலகைக்குப் பதில் கதவு. தடை உத்தரவு வந்த அன்று உமேத் சிங் தனக்குக் கொடுத்திருந்த பெருவிரல் காகிதத்தை அடுப்பில் போட்டான். மற்றவர்கள் வைத்தது வைத்ததுதான்.

நீங்கள் வரலாமா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டேன். வரட்டும் என்றவர்கள் அதிகம். உமேத் சிங்கைக் கடைசியில் கேட்டேன். விறகு பிளந்துகொண்டிருந்தான். இன்னும் நான்கு கட்டையைப் பிளந்தான்.

"லெட்டர் வந்தன்னைக்கே அவ என்கிட்ட சொன்னா, மாஸ்டர்னி. மலை இறங்கப்போகுது, உங்க அண்ணனே எழுதியிருக்கார், வான்னு. நான்தான் போகல. அவரு தெரிஞ்சே கையெழுத்துப் போட்டாரு, நான் தெரிஞ்சே உட்கார்ந்திருந்தேன்" என்றான்.

கோடாரியைக் கட்டையில் இறக்கிவிட்டு, அதன் பிடியைப் பார்த்தபடியே சொன்னான்: "வரட்டும். ரொட்டி போடறேன். ஆனா நான் அவரோட பேச மாட்டேன். அவரும் என்கிட்ட மன்னிப்புக் கேட்கக் கூடாது. அதை மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க."

உங்களுக்காக இவ்வளவுதான் என்னால் வாங்க முடிந்தது. சம்மதமென்றால் வாருங்கள்.

ஹன்ஸா